தண்ணீர்த் தொட்டிச் சாலை

நாலு வருடம் கழித்துக் கண்ணாடிக்காரர் மறுபடி ஓடத் தொடங்கிய அன்று, தெருமுனையைத் தாண்டுவதற்குள் வலது கால் ஷூவின் அடிப்பாகம் கழன்று நடுரோட்டில் தனியாகக் கிடந்தது. பரண்மேல் கிடந்த காலத்தில் பசையெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. கழன்றதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு கால் மேடும் ஒரு கால் பள்ளமுமாக வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் நின்ற மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"போய் அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. அதுக்குள்ள ஷூ உயிரை விட்டுடுச்சா?"

"பழசு."

"நீங்க மட்டும் புதுசாக்கும்? பார்த்துங்க, எங்கயாவது கழண்டு விழுந்துடப் போறீங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் ஓடுவதையும் விழுவதையும் சேர்த்து யாரும் பேசுவதில்லை.

கண்ணாடிக்காரருக்கு ஐம்பத்தொரு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லை தேய்க்கிற வேலை. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற அறை. காலையில் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் கடிந்துகொண்டதால்தான் இந்த ஓட்டம். டாக்டர் அந்தக் கடையிலேயே கண்ணாடி மாற்றுகிறவர். "நல்லா ஓடிக்கிட்டிருந்த ஆளுதானேய்யா நீங்க? மாத்திரையைக் கூட்டட்டுமா, காலை அசைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

புது ஷூ வாங்கி இரண்டாம் முறை தொடங்கினார். பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றித்தான் ஓடினார். கால்வாயை ஒட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சாலை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஓடியே பழகாதவன் மெதுவாகத் தொடங்குவான். பழைய ஓட்டக்காரனுக்கு அது வராது. கண்ணாடிக்காரரின் கால்கள் முதல் அடியிலேயே பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டன. கால்வாசிச் சுற்றுக்குள் நெஞ்சு அடைத்து, கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நடைப்பயிற்சிக்கு வந்த பெண்கள் இருவர், சாவகாசமாகப் பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார்கள்.

ஒரு காலத்தில் அவர் தனியாக ஓடியதே இல்லை. கூட வாத்து வருவான். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளன். பாதங்களை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டு ஓடுவதால் அந்தப் பெயர். அதைப் பற்றி அவனுக்கு வருத்தம் கிடையாது. "வாத்து தண்ணியிலயும் போகும், தரையிலயும் போகும். நீ போவியாடா?" என்பான். ஒன்பது வருடம், வாரத்துக்கு ஐந்து நாள், கால்வாய்ச் சாலையில் ஐந்து கிலோமீட்டர். கண்ணாடிக்காரர் முன்னால், வாத்து நாலைந்து நிமிடம் பின்னால். தொட்டியடியில் ஒரு டீக்கடை. முதலில் போகிறவர் இரண்டு டீ சொல்லிவைக்க வேண்டும்.

தொடங்கிய புதிதில் கண்ணாடிக்காரர் கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடினார். ஒருநாள் வாத்து டீக்கடையில் வெடித்துவிட்டான். "நீ திரும்பித் திரும்பிப் பார்த்தா எனக்கு மூச்சு ரெண்டு மடங்கு வாங்குதுடா. வேவு பார்க்கறியா? உன் ஓட்டத்தை நீ ஓடு, என் ஓட்டத்தை நான் ஓடறேன். இனிமே திரும்பினே, நாளையிலேர்ந்து வரமாட்டேன்." அன்றிலிருந்து முன்னால் ஓடுகிறவர் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஆகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கண்ணாடிக்காரர் வேறொரு பழக்கம் வைத்துக்கொண்டார். தொட்டியைத் தொட்டதும் கைக்கடிகாரத்தைத் திரும்ப ஓடவிடுவார். வாத்து வந்து சேர்ந்ததும், "நாலு நிமிஷம் முப்பத்தெட்டு. வழியில முட்டை போட்டியா?" என்று கேட்பதற்காக.

அந்தக் கடைசி நாளில் கண்ணாடிக்காரர் அந்த வருடத்திலேயே வேகமாக ஓடியிருந்தார். சந்தோஷமாகவே தொட்டியைத் தொட்டார். இரண்டு டீ சொன்னார். கடிகாரம் ஐந்தைத் தாண்டி ஆறானது, எட்டானது. தசை பிடித்துக்கொண்டு நடந்து வருகிறான் போலிருக்கிறது என்று நினைத்தார். பத்தானபோது, தன் வேகத்தைப் பார்த்துப் பொறாமையில் எங்கேயாவது மறைந்துகொண்டு விளையாடுகிறான் என்று நினைத்தார். வாத்து அப்படிச் செய்கிறவன்தான். அவனுடைய டீ ஆறிக்கொண்டிருந்தது. வீணாவானேன் என்று அதையும் எடுத்துக் குடித்தார். பத்தொன்பது நிமிடம் ஆனபோதுதான் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி ஓடினார்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி மதகடியில் வாத்து கிடந்தான். கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேன் ஒன்று பக்கத்தில் நின்றது. அதன் ஓட்டுநர் தனியாளாக அவனைத் தூக்கப் பார்த்து முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். இருவருமாகத் தூக்கி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் கிடத்தினார்கள். கண்ணாடிக்காரர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அப்போதே உடம்பில் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வாத்தின் மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "கூடத்தானே அண்ணா இருந்தீங்க? விழும்போது கூடத்தானே இருந்தீங்க?"

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "கூடத்தாம்மா இருந்தேன்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்ன பொய். மற்றதெல்லாம் தானாக வளர்ந்தது. விழுந்ததும் அண்ணா தாங்கிப் பிடித்தாராம், அவர் மடியிலேயே உயிர் போனதாம், கஷ்டமே படவில்லையாம் என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் சொல்லச் சொல்ல, அவர் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். "விழுந்து அரை மணிக்கு மேல ஆயிடுச்சும்மா. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பார்த்திருக்கலாம்." காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் உட்கார்ந்து யோசித்தாள். மதகிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட வழி. விழுந்ததுமே அண்ணா தாங்கிப் பிடித்தார், வேனும் வந்துவிட்டது. அப்படியானால் மிச்ச நேரம் எங்கே போனது? ரொட்டிக்காரன் வழியில் கடை கடையாக நிறுத்தி ரொட்டி இறக்கிவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று அவளுடைய தம்பி சொன்னான். அவள் நேராகப் பேக்கரி முதலாளியிடம் போய் அழுதாள். வேன்காரருக்கு வேலை போயிற்று. தெருவில் அவரைக் கண்டால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் வீட்டையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் ஒரே ஒரு தடவை முயன்றார். "அவர் நேராத்தாம்மா போனார்" என்றார்.

"உங்களுக்கு நல்ல மனசு அண்ணா. யாரையும் குத்தம் சொல்லத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள் அவள்.

அத்தோடு அவர் வாயை மூடிக்கொண்டார். ஓட்டத்தையும் விட்டார்.

இப்போது மறுபடி ஓடுகிற செய்தி வாத்தின் மனைவிக்கு எட்ட இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவள் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஒரு மத்தியானம், கண்ணாடிக் கடையின் பில் புத்தகத்தைப் பிரதி எடுக்க அவர் போனபோது, இயந்திரத்தின் மூடியைத் திறந்தபடியே கேட்டாள்.

"ஓட ஆரம்பிச்சுட்டீங்களாமே?"

"டாக்டர் சொன்னார். சும்மா நாலு சுத்து."

"நான் ஒண்ணு கேட்டா மறுக்கக் கூடாது. அந்த இடத்தை எனக்குக் காட்டணும். மூணு தடவை ஸ்கூட்டர்ல அந்தப் பக்கம் போயிருக்கேன். எதுன்னு தெரியாம திரும்பி வந்துட்டேன். உங்களுக்கும் அங்க போக மனசு வராதுன்னுதான் இத்தனை நாளா கேக்கலை."

"ம்."

"அவசரமில்லை. என்னைக்கு அது வரைக்கும் ஓட முடியுதோ அன்னைக்குச் சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் போன மாதிரியே போகணும். நான் பின்னாடி ஸ்கூட்டர்ல வரேன்."

வெளிச்சம் கண்ணாடிக்கு அடியில் இடமிருந்து வலம் போய்வந்தது. அவர் சரி என்று தலையசைத்துவிட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் பட்ட பாடு ஒரு விசித்திரமான பாடு. ஓட ஓட உடம்பு தேறிக்கொண்டு வந்தது. அரைச் சுற்று ஒரு சுற்றாயிற்று. ஒரு சுற்று ஐந்தாயிற்று. வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்திருப்பார்கள். அவருக்கோ ஒவ்வொரு நூறு மீட்டரும் மதகுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. சில நாள் வேண்டுமென்றே பாதியில் நின்று நடந்தார். மூச்சு வாங்கவே இல்லை. உடம்புக்கு அவருடைய கவலை எதுவும் தெரியவில்லை. கேட்காமலே கொழுப்பைக் கரைத்து, தொடையை இறுக்கி, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவு தூரம் ஆச்சு அண்ணா?" என்று அவள் வாரம் தவறாமல் கேட்டாள்.

"எங்கம்மா. ரெண்டு கிலோமீட்டர்லயே நாக்கு தள்ளிடுது" என்றார், நாலு கிலோமீட்டர் ஓடிய காலை.

காட்டிக்கொடுத்தது அவருடைய மனைவிதான். நாலாவது மாதக் கடைசியில், மூவரும் கடைத்தெருவில் எதிர்ப்பட்டு, அவர் பழையபடி ரெண்டு கிலோமீட்டர் என்றபோது, பெருமை தாங்காமல் சொன்னாள். "என்ன ரெண்டு கிலோமீட்டர்? நேத்து மைதானத்தைப் பதினோரு சுத்து சுத்தினார். நான் மாடியிலேர்ந்து எண்ணினேன். கூட வந்த காலேஜ் பொண்ணே உட்கார்ந்துட்டா. இவர் என்னமோ சாவி கொடுத்த பொம்மை மாதிரி போயிட்டே இருக்கார்."

வாத்தின் மனைவி அவரைப் பார்த்தாள். கோபமில்லை. புரிந்துகொண்டதுபோல ஒரு பார்வை. "கஷ்டமாத்தான் இருக்கும் அண்ணா உங்களுக்கு. எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் ஓடினார், அவள் இருபதடி பின்னால் ஸ்கூட்டரில் வந்தாள். கால்வாயில் தண்ணீர் குறைந்து ஓரமெல்லாம் சேறாகியிருந்தது. ஒரு பக்கத்தில் புதிதாகக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். அவர் கால்கள் வழியை மறக்கவில்லை. எங்கே குழி, எங்கே தார் வழுக்கும் என்று தாமாகவே ஒதுங்கிப் போயின. மதகு கண்ணில் பட்டபோது வேகத்தைக் குறைத்தார். வண்டிச் சத்தமும் பின்னால் குறைந்தது.

"இங்கதான்."

அவள் வண்டியை நிறுத்திவிட்டு வந்தாள். "தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவர் காட்டினார்.

"நீங்க எங்க உட்கார்ந்திருந்தீங்க?"

அவர் கை ஓர் இடத்தைக் காட்டியது. அவள் அங்கே போய், புடவை அழுக்காவதைப் பார்க்காமல், மண்ணில் கால்மடக்கி உட்கார்ந்தாள். மடியில் உள்ளங்கையை வைத்து, ஒரு தலையின் கனத்தை நிதானிப்பதுபோலப் பார்த்தாள்.

"இப்படியா?"

அவர் பார்வையைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு இந்த ஒண்ணுதான் அண்ணா ஆறுதல். அந்த ரொட்டிக்காரன் பண்ணின பாவத்தை நினைச்சா வயிறு எரியும். உடனே, ஆனா அண்ணா மடியிலதானே இருந்தார்னு நினைச்சுக்குவேன். அப்புறம்தான் தூக்கம் வரும்."

"எழுந்திரும்மா."

"இருங்க, கொஞ்ச நேரம்."

"எழுந்திரும்மா. நான் அங்க உட்காரலை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் விழும்போது நான் இங்க இல்லை. தொட்டியடியில நின்னுட்டிருந்தேன். வேனுக்குள்ளதான் மடியில வச்சுக்கிட்டேன். அப்பவே முடிஞ்சு போச்சு."

கால்வாயின் அந்தக் கரையில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்று, மறுபடி தொடங்குகிற வரை அவள் அசையவில்லை.

"எவ்வளவு நேரம்?"

"ம்?"

"எவ்வளவு நேரம் நின்னுட்டிருந்தீங்க? உங்களுக்குத் தெரியும். கடிகாரம் ஓடவிடுவீங்களே. அவர் வீட்டுக்கு வந்து சொல்லுவார், இன்னிக்கு அஞ்சு நிமிஷம்னு கேலி பண்ணினான்னு."

"பத்தொன்பது நிமிஷம். திரும்பி ஓடிவர ஒரு ஆறு."

அவள் கணக்குப் போடவில்லை. நாலு வருடமாகப் போட்டுவைத்திருந்த கணக்குதான். அதில் விட்டுப்போன எண் இப்போது கிடைத்துவிட்டது.

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"அவரோடதையும்?"

"…அவனோடதையும்."

அவள் எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். நன்றாகவே தட்டினாள், ஒரு துகளும் இல்லாதபடி. அழுவாள், அடிப்பாள், இனி முகத்தில் விழிக்காதே என்பாள் என்றெல்லாம் அவர் எத்தனையோ காலை மைதானத்தைச் சுற்றியபடி எண்ணிப் பார்த்திருக்கிறார். அவற்றில் எதுவும் நடக்கவில்லை.

"அந்த ரொட்டிக்காரன் இப்ப எங்க இருக்கான்?" என்றாள். பிறகு, "எங்க இருக்கார்?" என்றாள்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. வாடகை வேன் ஓட்டறார்."

"தெரிஞ்சுதான் வச்சிருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏறுங்க."

பின்னிருக்கையில், அவள்மேல் படாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் நேராகப் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம் போய் வண்டியை நிறுத்தினாள்.

வேன்காரர் யாரோ வீடு மாற்றுகிற சாமான்களை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அவளைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"இன்னும் என்னம்மா பாக்கி இருக்கு?"

"இவர் சொல்லுவார்" என்றாள் அவள்.

கண்ணாடிக்காரர் சொன்னார். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தார். எளிதாக இல்லை. டீயை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார், அவள் அவரையே பார்த்தாள், அதையும் சொன்னார். வேன்காரர் கயிற்றின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"தப்பு பண்ணிட்டேங்க" என்றாள் அவள். "பேக்கரிக்குப் போய் நானே சொல்றேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"பேக்கரியை மூடி ஒரு வருஷம் ஆச்சும்மா."

வேன்காரர் கண்ணாடிக்காரரின் பக்கம் திரும்பினார். அவர் கேட்டது சண்டைக்காரன் கேட்பதுபோல இல்லை. பல நாளாகக் கேட்க ஆள் கிடைக்காமலிருந்தவன் கேட்பதுபோல இருந்தது.

"சார், நான் நேராத்தானே போனேன்?"

"நேராத்தான் போனீங்க. எங்கயும் நிறுத்தலை."

"அது எனக்குத் தெரியும். வேகமாப் போனேனா?"

"என்ன?"

"வேகமாப் போனேனா, மெதுவாப் போனேனா? ரொட்டித் தட்டு சரியக் கூடாதுன்னு பன்னெண்டு வருஷம் பூப்போல ஓட்டிப் பழகினவன் சார் நான். மேடு பள்ளம் வந்தா கால் தானா பிரேக்குக்குப் போயிடும். அன்னிக்கும் அப்படித்தான் போயிடுச்சோன்னு… ஊரே சொல்லச் சொல்ல, எனக்கே எது நிஜம்னு தெரியலை சார். வண்டிக்குள்ள நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. நீங்க சொல்லுங்க."

வேகமாகத்தான் போனீர்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. வாத்தின் மனைவி பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேனுக்குள் தட்டுகள் ஆடினவா, சத்தம் போட்டனவா என்று அவர் நினைத்து நினைத்துப் பார்த்தார். வாத்தின் முகமும், அவன் காதோரம் ஒட்டியிருந்த மண்ணும்தான் ஞாபகம் வந்தன.

"தெரியலை" என்றார். "நான் அவன் முகத்தையே பார்த்துட்டிருந்தேன். வேற எதுவும் எனக்குத் தெரியலை."

வேன்காரர் மெல்லத் தலையாட்டினார். முன்னிருக்கையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண், "கிளம்பலாமாங்க, வீட்டு ஓனர் சாவியோட காத்திருக்காரு" என்று குரல் கொடுத்தாள். அவர் கடைசி முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். வேன், கட்டில்களும் அலமாரியும் சற்றும் ஆடாமல், மெதுவாகத் திருப்பத்தைத் தாண்டியது.

வாத்தின் மனைவி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அவரை ஏறச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சற்று நேரம் இயந்திரத்தை ஓடவிட்டபடி நின்றாள். பிறகு போய்விட்டாள்.

சட்டையில் வியர்வை காய்ந்து முதுகு குளிர்ந்தது. பஸ் ஸ்டாண்ட் கடிகாரத்தில் மணி எட்டு இருபது. ஒன்பது மணிக்கு ஒரு தையல்காரம்மா கண்ணாடி வாங்க வருவதாகச் சொல்லியிருந்தாள். வில்லை ஒன்று இன்னும் தேய்க்காமல் கிடந்தது. கண்ணாடியில்லாமல் அவளுக்கு ஊசிகூடக் கோக்க வராது. கடைக்கு மூன்று கிலோமீட்டர் இருந்தது. பஸ்ஸுக்குச் சட்டைப்பையில் ஒன்றுமில்லை. இறுகிப்போயிருந்த கால்களை இரண்டு தடவை உதறிக்கொண்டு, கண்ணாடிக்காரர் ஓடத் தொடங்கினார்.